எண்ணெய் குடித்த கசட் டெக்

எனக்கு இயந்திரம் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்காகவும்தான்.) பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் கரையில் கிடக்கிற எந்த எஞ்சினையும் ஒருமுறை கயிறு இழுத்து, அது இருமுகிற இருமலைக் கேட்டே நோய் எங்கே என்று சொல்லிவிடுவேன். பள்ளிவாசல்துறையிலிருந்துகூட ஆட்கள் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்து, "அண்ண, ஒருக்கா காது குடுங்க" என்று என் வாசலில் நிற்பார்கள். கூலிக்குக் கரைவலை இழுக்கப் போனவன் நான். இன்றைக்கு மீனுக்கு ஐஸ் விற்கிற வாடி, லொறி, மாடி வீடு. ஊரில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐஸ் முதலாளி என்றால் நாய்கூட வழி காட்டும். எல்லாம் என் இரண்டு கையால் வந்தது. (என் முதல் எஞ்சின் என் மனைவி திரேசாவின் காசில் வந்தது. அதைச் சொல்லாமலும் கதை நடக்கும். ஆனால் என் மச்சாள் எமில்டா இதை வாசிப்பாள்.)

இத்தனை வயதில் நான் கண்டது ஒன்றுண்டு. ஒன்றும் தெரியாதவன் ஒரு சாமானைப் பெரிதாகக் கெடுத்துவிட மாட்டான். பயத்தில் கையை எடுத்துவிடுவான். அடியோடு கெடுக்க வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் நிறையவே தெரிந்திருந்தது. அந்தக் கதைதான் இது.

சண்டைக் காலத்தில் கடலுக்குப் போக நேவியின் பாஸ் வேண்டும். பாஸ் இருந்தாலும் இரவில் போக முடியாது. வீட்டில் அடுப்பு எரிந்ததைவிட அணைந்து கிடந்ததுதான் அதிகம். திரேசா, "நான் போய் உழைச்சுக்கொண்டு வாறன்" என்று சொல்லி வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் மகள் டிலானி அப்போது பள்ளிக்கூடம் சேரவில்லை. திரேசாவின் தங்கை எமில்டாதான் பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

அந்த நாளில் எங்கள் ஊரில் தொலைபேசி கிடையாது. எனக்குக் கடிதம் எழுதவும் வராது, திரேசாவுக்கும் அப்படித்தான். ஆகவே எங்களுக்குக் கடிதம் என்றால் கசட். அவள் அங்கே கதைத்துப் பதிந்து, வீட்டுக்கு அனுப்புகிற சாமான் பெட்டியோடு, லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். நாங்கள் எல்லாரும் றேடியோ செட்டைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். கேட்டு முடிந்ததும், வேறு கசட் வாங்க வசதியில்லாததால், அவள் கதைத்ததன் மேலேயே நாங்கள் கதைத்துத் திருப்பி அனுப்புவோம். அவள் எங்கள் குரலைக் கேட்டுவிட்டு அதன் மேல் தான் கதைப்பாள். அவள் குரலை நாங்கள் அழித்தோம், எங்கள் குரலை அவள் அழித்தாள். அப்போது அது எங்களுக்கு விளங்கவில்லை. போகிற பாத்திரத்தில் பலகாரம் வைத்து, வருகிற பாத்திரத்தில் பலகாரம் வாங்குகிற மாதிரித்தான் நினைத்தோம்.

கடைசியாக வந்த கசட்டுக்கு மட்டும் நாங்கள் பதில் அனுப்பவில்லை. அனுப்புவதற்குள் அவளே வந்துவிட்டாள், நோயோடு. வந்து ஒரு மாரி தாண்டவில்லை.

ஆக, உலகத்தில் திரேசாவின் குரல் இருந்தது அந்த ஒரு கசட்டில்தான். அதன் முடிவில் அவள் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணியிருந்தாள். டிலானி சின்னதில் அதை ஓயாமல் போட்டுப் போட்டுக் கேட்பாள். பிறகு றேடியோ செட் செத்தது. கசட்டை எமில்டா துணியில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டி வைத்தாள். பிள்ளை வளர்ந்தாள். சண்டையும் முடிந்தது. கடல் திறந்தது, மீன் வந்தது, மீனுக்கு ஐஸ் வேண்டியிருந்தது, ஐஸுக்கு நான் இருந்தேன். கற்பிட்டி ரோட்டுக்குக் கார்ப்பட் தார் போட்டார்கள், வெள்ளைக்காரர் வந்து இடுப்பில் பட்டம் கட்டிப் பலகையில் நின்று கடலில் ஓடினார்கள், நான் மாடி கட்டினேன்.

டிலானிக்குத் தலவிலப் பக்கத்துப் பையன் ஒருவனைப் பேசினோம். பெயர் அன்ரன். அடக்கமான பிள்ளை, போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். (நான் முதலில், 'இது ஒரு தொழிலா, தம்பி?' என்று கேட்டேன். அதையும் ஒருவரும் மறக்கவில்லை.)

எங்கள் கத்தோலிக்க ஆட்களிடம் ஒரு வழக்கம். கலியாணத்தன்று பெண் கோயிலுக்கு வெளிக்கிடும்போது தாய் தகப்பன் முன்னால் முழந்தாளிட வேண்டும். அவர்கள் நெற்றியில் குரிசு போட்டு ஆசீர்வாதம் சொன்ன பிறகுதான் வாசல்படி தாண்டலாம். கலியாணம் நெருங்கிய ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், டிலானி மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு நகை ஒண்டும் வேணாம். அண்டைக்கு அம்மாட சத்தத்தைக் கேட்டுட்டு வெளிக்கிடணும். அந்தக் கடைசி ஆசீர்வாதம் மட்டும் போதும். அம்மாட முகம் படத்தில இருக்கு. சத்தம் எனக்கு மறந்து போச்சு."

எமில்டா எழுந்து குசினிக்குப் போய்விட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அன்ரனும் அன்று வந்திருந்தான். "மாமா, கசட்டைத் தாங்க. புத்தளத்தில ஒரு ஸ்டூடியோ இருக்கு, போனுக்கு மாத்தித் தருவாங்க. ஒரு நாள் வேலை" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அலுமாரியைத் திறந்து கசட்டை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். நான் செய்தது, கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி நின்றது.

"என்ர மனிசிட சத்தத்தை எவனோ ஒரு ஸ்டூடியோக்காரன் வைச்சுக் கேக்கிறதா? நல்ல டெக் ஒண்டு நானே வாங்குறன். பழைய யப்பான் டெக். அந்தக் காலத்துச் சாமான் மாதிரி இப்ப வருமா? மிஷினைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தாறியா, தம்பி?"

"இல்ல மாமா" என்றான் அன்ரன்.

குசினிக்குள் இருந்து எமில்டாவின் குரல் வந்தது. "அத்தான், மீன் வாங்கிற மாதிரி செவுளைத் தூக்கிப் பாத்து வாங்கிப்போடாதீங்க."

புத்தளம் பட்டணத்தில் நிசாம் நானா என்று ஒருவர் யப்பானிலிருந்து வருகிற பழைய சாமான்களை விற்கிறார். சோறு ஆக்குகிற சட்டி, சைக்கிள், காற்றாடி, எல்லாம் கூரை முட்டக் கிடக்கும். அவர் விற்கிற ஒவ்வொரு சாமானும் உலகத்திலேயே சிறந்தது. அதில் சந்தேகமே இல்லை, அவரே அல்லாவின் மேல் ஆணையிட்டுச் சொல்வார்.

"வாங்க மொதலாளி, வாங்க! டெக்கா? எத்தன வேணும்?"

நான் ஒரு சாமானைத் தெரிவு செய்கிற முறையை இங்கே சொல்ல வேண்டும். முதலில் தூக்கிப் பார்ப்பேன். பாரமான சாமான் பொய் சொல்லாது. பிறகு விரலை மடக்கித் தட்டுவேன். பிறகு முகர்வேன், கருகின மணம் இருந்தால் தொட மாட்டேன். கடைசியாகத் திருகிகளைத் திருகுவேன். திருகி கையோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். இந்த முறையில் நான் வாங்கிய எஞ்சின் ஒன்றுகூட என்னை நடுக்கடலில் விட்டதில்லை.

தட்டில் பல டெக்குகள் இருந்தன. ஓரமாக வெள்ளி நிறத்தில் மெலிந்த ஒன்று. நடுவில் கறுப்பாக ஒன்று, மாடு படுத்திருக்கிற மாதிரி. அதற்கு முன்னால் இரண்டு கண்ணாடிச் சன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு முள், முள்ளுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம். திருகி ஒவ்வொன்றும் மாரி பிஸ்கட் அளவு. அதைத் தூக்கினேன். என் முதுகில் ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

"இது" என்றேன்.

நிசாம் நானா தலையைச் சொறிந்தார். "மொதலாளி, அது சோக்கான சாமான்தான், இல்லேண்டு சொல்லல்ல. ஆனா ஓங்களுக்கு என்னத்துக்கு வேணும்?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் வியாபாரத்தை மறந்துவிட்டார்.

"மவ்த்தாப் போனவங்கட கொரலா? அப்ப இந்தச் சின்னத்த எடுங்க. இது இங்கயே ஒரு ரீச்சர்ட ஊட்ட இருந்தது, புள்ள மாதிரி வெச்சிருந்தவ. டெக்குக்கு ஒடம்பு பாக்கக் கூடாது, மொதலாளி. உள்ளுக்கு ஈக்கிற ரப்பர் பட்டியத்தான் பாக்கணும். ரப்பர் தளந்தா பெரிய டெக்கும் ஒண்டுதான், பெட்டகமும் ஒண்டுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. விற்காமல் கிடக்கிற சாமானைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் யார், ஐஸ் முதலாளி. கூடைக்கு அடியில் பழைய மீனை ஒளித்து மேலே புதிய மீனை அடுக்குகிற ஆட்களோடு ஆயுள் முழுவதும் பழகியவன்.

"முதல்ல பெரிசைப் போடுங்க, கேப்பம்."

அவர் கடையில் இருந்த ஒரு பாட்டுக் கசட்டைப் போட்டார். முள் இரண்டும் எழும்பி ஆடின. பாட்டு வந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த குரல், ஒவ்வொரு சொல்லாக, அவசரமே இல்லாமல்.

"பாத்தீங்களா நானா? என்ன கம்பீரம்! எவ்வளவு கனமான குரல்!"

நிசாம் நானா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதலாளி, அது பொம்புள பாடுற பாட்டு."

கடையில் நின்ற ஆட்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுடைய முதுகுகள் குலுங்கின. அந்த இடத்திலாவது நான் சின்னதை எடுத்திருக்கலாம். ஆனால் ஆட்கள் சிரித்த பிறகு எப்படி எடுப்பது? "பட்டி தளந்திருந்தா புதுசு போடுங்க. அதுதானே விசயம்?" என்றேன். அவரும் போட்டார். அடுத்த முறை போய்க் கேட்டபோது பொம்பிளை பொம்பிளையாகவே பாடினாள். லொறியில் ஏற்றும்போது நிசாம் நானா சன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இனி இதுக்கு நீங்க ஒண்டும் செய்ய வாணாம். தூசி தட்டினாப் போதும். உள்ளுக்குக் கை வெக்க வாணாம், மொதலாளி. அல்லாட காவல்."

வீட்டுக்கு வந்து விறாந்தையில் வைத்தேன். பார்த்தவர் எல்லாம் வியந்தார்கள். டிலானி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரிசா இருக்கு, அப்பா" என்றாள். அவள் அந்த நாட்களில் சிரித்த முகமாகத் திரிந்தாள். அதைப் பார்க்கவே அந்த டெக் வாங்கியது சரி என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அது காற்றில்லை, பறக்கிற உப்பு. ஒரு பூட்டுக்குக் கொஞ்ச நாள் எண்ணெய் காட்டாவிட்டால் அது உள்ளே விட்ட திறப்பை விழுங்கிவிடும். ஆகவே எங்கள் பக்கத்தில் இரும்பு என்று கண்டால் எண்ணெய் போடுவோம். கேற்றுக்கு, தையல் மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு, கோயில் மணி தொங்குகிற கொளுக்கிக்கு. நான் ஒரு படி மேல். அடுத்த வீட்டுக் கேற் கீச்சென்றால்கூட எனக்குச் சோறு இறங்காது. எண்ணெய்க் குப்பியோடு போய்விடுவேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை. வீடு நிறைந்த சனம். ஒரு பக்கம் கொக்கிஸ் பலகாரம் பொரிகிறது, ஒரு பக்கம் வெங்காயம் வெட்டுகிறார்கள். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. வேலையில்லாத ஐஸ் முதலாளி ஊருக்கு ஆபத்து. டெக்கைப் பார்த்தேன். கரையிலிருந்து காற்று நேரே அதன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே சின்னச் சின்னச் சில்லுகள், அச்சுகள், கறுத்த ரப்பர் பட்டி. எல்லாம் காய்ந்து கிடந்தன. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை! நிசாம் நானாவை நினைத்து எனக்குக் கோபமே வந்தது. இப்படியா ஒரு மனிதன் மிஷினை வைத்திருப்பான்? எஞ்சின் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தேன். சில்லுக்கு ஊற்றினேன். அச்சுக்கு ஊற்றினேன். அந்த ரப்பர் பட்டி பாவம், அதற்கும் ஊற்றினேன். குளிப்பாட்டுமுன் குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி விரலால் ஒவ்வொரு மூலையும் தடவிக் கொடுத்தேன்.

எமில்டா தேங்காய்ப்பூக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அத்தான், அதுக்குள்ள என்ன ஊத்துறீங்க?"

"உனக்கு விளங்காது."

"விளங்காதுதான். ஆனா போட் மாதிரி மணக்குதே."

"எமில்டா, நீ போய்த் தேங்காயைத் திருவு."

பின்னேரம் வெயில் சாய்ந்ததும் நான் ஒரு பெரிய யோசனை செய்தேன். கலியாண வீடு என்று சவுண்ட் பொக்ஸ்கள் வாடகைக்கு எடுத்து முற்றத்துத் தென்னையில் கட்டியிருந்தோம். டெக்கின் வயரைக் கொண்டுபோய் அதில் மாட்டினேன். நாளைக்கு ஆசீர்வாதம், இன்றைக்கு ஒருமுறை ஊரே கேட்கட்டும். என் மனைவியின் குரலை, என் டெக்கில், என் வீட்டில். எல்லாரையும் கூப்பிட்டேன். வெங்காயம் வெட்டினவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். டிலானி தலைமுடி விரித்தபடி ஓடிவந்து, டெக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். எமில்டா கசட்டைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தந்தாள்.

அழுத்தினேன்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு தென்னை மரத்திலிருந்து திரேசா கதைத்தாள்.

"சேசுவுக்குத் தோத்திரம். எல்லாரும் சுகமா? நான் நல்ல சுகம். டிலானி மகள், அம்மா கதைக்கிறன்..."

டிலானி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். அவளைத் தெரிந்த கிழவி ஒருத்தி நெஞ்சில் குரிசு போட்டாள். இவ்வளவு காலமும் அந்தக் குரல் அலுமாரிக்குள் இருந்ததே என்று நினைத்தேன்.

"அம்மா இஞ்ச... கதைக்... கிற... ன்..."

குரல் இறங்கியது. முதலில் களைத்த பொம்பிளை மாதிரி. பிறகு ஆம்பிளை மாதிரி. பிறகு, சொல்லவே வாய் கூசுகிறது, சினை மாடு மாதிரி. சவுண்ட் பொக்ஸ் இரண்டும் சேர்ந்து ஊர் முழுவதற்கும் அதை முழங்கின. முற்றத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி அவர்கள் முதுகில் அறைந்தது கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. முள் இரண்டும் விழுந்து படுத்துவிட்டன. மஞ்சள் வெளிச்சம் மட்டும் அழகாக எரிந்தது.

நடந்தது எனக்குப் பிறகுதான் விளங்கியது. எண்ணெய் குடித்த பட்டி வழுக்கிவிட்டது. நாடாவைத் தள்ளுகிற உருளை தள்ளிக்கொண்டே இருக்க, அதைச் சுற்றி எடுக்க வேண்டிய சில்லு நின்றுவிட்டது. தள்ளின நாடா எல்லாம் டெக்கின் வயிற்றுக்குள் போய்ச் சுருண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, கதவைத் திறந்தபோது உள்ளே கபில நிறத்தில் மீன் குடல் மாதிரி ஏதோ பிதுங்கி நின்றது மட்டும்தான்.

அந்த இடத்தில் வேறு ஊர் மனிதன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். நான் கரைவலை இழுத்தவன். இழுத்தேன். கைக்கு மேல் கை மாற்றி, காலை ஊன்றி, இழுத்தேன். நாடா வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. விறாந்தை நிறைய எண்ணெய் வழிகிற நாடா. காற்று அதை எடுத்து வேலியில் மாட்டியது. சனம் மிதித்தது. மணல் ஒட்டியது. அன்ரனுக்குப் போன் பண்ணச் சொல்லி யாரோ கத்தினார்கள். கடைசியில் ஒரு இடத்தில் நாடா சில்லைச் சுற்றி இறுகிக்கொண்டது. நடுக்கடலில் எஞ்சின் விசிறியில் வலை சுற்றினால் என்ன செய்வோம்? யோசிக்க மாட்டோம். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தேன்.

"அத்தான், வேணாம்!" என்று எமில்டா கத்தினாள்.

வெட்டினேன்.

டிலானி அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, தரையில் கிடந்த நாடாவில் ஒரு முழம் எடுத்து, உடுப்பில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள், அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எமில்டா என் முன்னால் வந்து நின்றாள். "அக்காவை ரெண்டாந்தரமும் குழியில தாட்டுட்டீங்க, அத்தான்" என்றாள். சொன்னவுடனே தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கலியாண வீட்டுக்குச் செத்த வீட்டுக் களை வந்துவிட்டது. கொக்கிஸ் பொரித்தவர்கள்கூடச் சத்தமில்லாமல் பொரித்தார்கள். நான் ஒரு சொப்பிங் பையை எடுத்து, முற்றத்தில் குனிந்து குனிந்து, நாடாவைப் பொறுக்கினேன். வேலியிலிருந்து எடுத்தேன், கோழிக் கூட்டுக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அன்ரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். கலியாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது என்பதால் வேலிக்கு வெளியே நின்றான். வேலிக்கு மேலால் பையைக் கொடுத்தேன்.

"தம்பி, அந்த ஸ்டூடியோ..."

அவன் பைக்குள் பார்த்தான். முகர்ந்தான். "மாமா, இதில என்ன மணக்குது?"

"எண்ணெய்."

"கசட்டுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"கசட்டுக்கு இல்ல. டெக்குக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலவிலப் பக்கம் பார்த்தேன்.

"சரி, மாமா" என்றான்.

என் ஆயுளில் கடலிலும் கரையிலும் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். அந்தச் 'சரி, மாமா' மாதிரி ஒரு அடி நான் வாங்கியதில்லை.

விடிந்தது. எமில்டா டிலானிக்கு வெள்ளைக் கவுன் உடுத்தி, முக்காடு வைத்து வெளியே கூட்டி வந்தாள். முகம் வீங்கித்தான் இருந்தது. பவுடர் அதை மறைக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தோம். ஒன்றில் நான். மற்றதில் திரேசாவின் படம். அந்த நேரம் அன்ரனின் தம்பி ஓடிவந்து ஒரு போனை எமில்டாவின் கையில் கொடுத்தான். "ஸ்டூடியோவில ராவெல்லாம் பாத்து ஒரு துண்டுதான் சரிவந்திச்சாம். மத்தது ஒண்டும் ஏலாதாம். என்ன இருக்கெண்டு அண்ணன் கேக்கல்லயாம். டிலானி அக்காதான் முதல்ல கேக்கணுமாம்" என்று ஒப்பித்துவிட்டுப் போனான்.

எமில்டா போனைப் படத்துக்கு முன்னால் கதிரையில் வைத்தாள். டிலானி முழந்தாளிட்டாள். ஆசீர்வாதம்தான் தப்பியிருக்க வேண்டும் என்று நான் அந்தோனியாரை வேண்டிக்கொண்டேன்.

திரேசா கதைத்தாள். சின்னக் குரலில், ஆனால் அவள் குரலில்.

"...சவுக்காரம் வைச்சிருக்கன். அதை வெயில்ல வைக்காதீங்க, உருகிப்போகும். எமில்டா, நீ ஒரு கட்டியை எடுத்துட்டு மிச்சத்தை அயலுக்குக் குடு, எல்லாத்தையும் நீயே வைச்சிராத. டோர்ச்சுக்குப் பற்றரி வைக்கல்ல, அங்க வாங்குங்க. அந்த மனுசனுக்குப் போட ஒரு சேட்டு இருக்கு. பெரிசெண்டா கத்திரிக்கோலை எடுத்துட்டுத் தானே வெட்ட வெளிக்கிடும், விடாதீங்க. நான் வந்து சின்னதாக்கித் தருவன். டிலானிக்குச் சப்பாத்து இருக்கு. அடி பெரிசாத்தான் எடுத்திருக்கன். வளருவாள்தானே. வளந்தாப் பிறகு..."

அதோடு நின்றது. அது என் கத்தி பட்ட இடம்.

டிலானி குனிந்தபடியே இருந்தாள். எமில்டா மூக்கைச் சீறிவிட்டு, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், உரக்க "ஆமென்" என்றாள். வீட்டிலிருந்த எல்லாரும் "ஆமென்" என்றார்கள். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால், முக்காட்டுக்குள் டிலானியின் தோளும் குலுங்கியது. நான் குரிசு போட விரலை வைத்தபோது அவள் நெற்றி ஆடிக்கொண்டே இருந்தது. சிரித்தாளா, அழுதாளா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பெண் கலியாணத்துக்கு வெளிக்கிட்டாலும் ஆசீர்வாதம் அப்படித்தான். சென்ற வருடம் எமில்டாவின் மகள் முழந்தாளிட்டபோது, நான் கையைத் தூக்குமுன்னே வீடு முழுவதும் ஒரே குரலில், "சவுக்காரத்தை வெயில்ல வைக்காதீங்க!" என்றது. சிலாபத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுபோனார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்கட ஆக்கள் சவுக்கார வியாபாரமா?" என்று கேட்டார். நான் சட்டை மாற்றினால், "அத்தான், கத்திரிக்கோலை ஒளிச்சு வைக்கவா?" என்பாள் எமில்டா. அன்ரனோ, வீட்டுக்கு ஏதாவது புதுச் சாமான் வாங்கினால், எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பேசாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான்.

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் கதை சேட்டோடு நின்றுவிடும். சப்பாத்து வரைக்கும் ஒருவரும் போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் டிலானி தாயின் அடக்கத்துக்கு என் கையைப் பிடித்து நடந்து வந்தாள். அப்பவும் அது கொஞ்சம் பெரிசு.